கழனிக்கு ஒரு வரி

சாயந்திரம் மதகைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக அந்த வாசனை வருகிறது. காய்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் ஓடும்போது சருகும் சேறும் செத்த நத்தையும் கலந்து ஒரு நெடி வருமே, அதுதான். "ஏரி வாய் கொப்பளிக்குதுடி" என்பாய் நீ. மூக்கைப் பொத்திக்கொண்டே வாய்க்கால் ஓரம் போய் நிற்பாய். எனக்கு இன்று மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை. ஜன்னலைச் சாத்தவும் பயமாக இருக்கிறது. சத்தம் கேட்டால் நைனா விழித்துக்கொள்வார்.

நைனா வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். நான் தண்ணீர் முறைப் பட்டியலை நல்ல தாளில் எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்காகத்தான் பல்பை எரிய விட்டிருக்கிறார். மோட்டார்கள் ஓட ஆரம்பித்துவிட்டதால் வெளிச்சம் மங்கிச் சிவந்திருக்கிறது. பட்டியலுக்கு அடியில் இந்தத் தாளை வைத்திருக்கிறேன். அவர் இருமினால் பட்டியல் மேலே வரும். இருமல் நின்றால் நீ மேலே வருவாய்.

எதை எழுதினாலும் ஒன்றுமே தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி எழுது என்று நீ சொல்லியிருக்கிறாய். கம்ப்யூட்டருக்கு நம் ஊர் தெரியாது, ஏரி தெரியாது, என் நைனாவையும் தெரியாது, உன் நைனாவையும் தெரியாது என்பாய். அதனால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன்.

நாளைக் காலையில் நவரைப் பட்டத்து நெல்லுக்குத் தண்ணீர் முறை படிக்கிறார்கள். மதகடிப் பிள்ளையார் எதிரில் ஓட்டுத் துண்டின் மேல் கற்பூரம் எரியும். எந்தக் கழனிக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் தண்ணீர் என்று நைனா பட்டியலைப் பார்த்துப் படிப்பார். கற்பூரம் அணையாமல் மதகுக்காரர் துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டே இருப்பார். அது எரிகிற வரையில் படிக்கிறவர் நிறுத்தக் கூடாது, கேட்கிறவர்கள் மறுத்துப் பேசக் கூடாது. படித்தது படித்ததுதான். பிறகு அந்தத் தாள்களை மதகுக்காரர் தகரப் பெட்டியில் பூட்டி வைப்பார். அறுப்பு முடிகிற வரை அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

நைனா எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆனால் அவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியாது. அதனால் நான் எட்டாவது வந்ததிலிருந்து பட்டியல் எழுதுவது என் வேலை. போன வருஷத்துப் பட்டியலை இன்று கொடுத்து, இருப்பதை அப்படியே எழுதச் சொன்னார். அதில் உங்கள் புங்கமரத்துக் கழனி இல்லை. அப்படியே எழுதினால் உன் அம்மாவின் அரைக் காணிக்கு இந்தப் பட்டத்தில் தண்ணீர் கிடையாது. உங்களுக்கு இருப்பதே அந்த அரைக் காணிதான்.

உன் மாமா மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்து, மழைக்காலம் வருவதற்குள் விட்டுவிட்டு ஊருக்கு வந்தாரே. அவர் கொண்டு வந்த சைக்ளோஸ்டைல் தாள்களின் மேல் அவர் அம்மா வடகம் பிழிந்து காயப்போட்டிருந்தாள். வடகத்தை உரித்துப் போட்டுவிட்டுத் தாள்களை நீ எடுத்து வந்தாய். அங்கங்கே எழுத்து வடகத்தோடு போயிருந்தது. "ப்ளஸ் டூ முடிச்சிட்டு நான் இதான் படிக்கப் போறேன். நீயும் வர்ற" என்றாய். என்னைக் கேட்கவில்லை. அப்படி யாராவது என்னைக் கேட்காமல் ஒன்றை முடிவு செய்து, அது எனக்குப் பிடித்துப்போனது அந்த ஒரு முறைதான்.

கம்ப்யூட்டரை நாம் இருவருமே பார்த்ததில்லை. அதைச் சொன்னபோது நீ கவலைப்படவில்லை. "பாக்க வேணாம்டி. இது கட்டம் போடற வேல. கட்டம் போடறதுக்கு கரண்ட் எதுக்கு?"

எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நமக்கோ தமிழ் மீடியம். பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது. டேபிள் என்றால் கட்டம் போட்ட பட்டியல். அதை ஒவ்வொரு படியாகச் சீர் செய்துகொண்டே போகவேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு நார்மல் ஃபார்ம் என்று பெயர். டிபெண்டன்சி என்ற சொல் வரிக்கு வரி வந்தது. அகராதியில் சார்ந்திருத்தல் என்று போட்டிருந்தது. அது உனக்குப் போதவில்லை. பஸ்ஸில் வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாய். இறங்குகிற இடத்தில்தான் சொன்னாய். "எது எத நம்பிக்கினு கீதுன்னு பாக்கறது. அவ்ளோதான்."

நோட்ஸில் இருந்த உதாரணம் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியுடையது. கஸ்டமர், இன்வாய்ஸ் என்று இருந்தது. "இதுல எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. நமக்குத் தெரிஞ்ச பட்டியல் எதனா கொண்டா" என்றாய். எனக்குத் தெரிந்த பட்டியல் ஒன்றே ஒன்றுதான். போன வருஷம் அடித்துத் திருத்திப் பார்த்த தாள் என் பழைய சமூகவியல் புத்தகத்துக்குள் இருந்தது. அதை எடுத்து வந்தேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சின் மேல் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஈர்க்குச்சியை அளவுகோலாக வைத்து நீ கோடு போட்டாய். நம் ஊர் பஸ் எப்போதும் தாமதம் என்பதில் நமக்கு அந்த நாட்களில் வருத்தமே இல்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பஸ் ஸ்டாண்ட்ல கோலமா? புள்ளி எங்க?" என்பார். "புள்ளியெல்லாம் உங்க சட்டையில கீதுண்ணா" என்பாய். வெற்றிலைக் கறையைப் பார்த்துக்கொண்டே அவர் சிரித்தபடி போவார்.

நைனாவின் பட்டியலில் ஒரு வரி என்றால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். மதகு, மதகுக்காரர், வாய்க்கால், ஆளின் பேர், தெரு, கழனி, காணி, முறை. ஒருவருக்கு இரண்டு கழனி இருந்தால் இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கி எழுதியிருப்போம். முதல் படியிலேயே அதை நீ பிடித்துக்கொண்டாய். "ஒரு கட்டத்துல ஒண்ணுதான் குந்தணும். ரெண்டு குந்தினா எத அடிக்கறோம், எத உடறோம்னு தெரியாது." இரண்டு கழனி உள்ளவர்களை இரண்டு வரியாகப் பிரித்தோம். ஒரு கழனிக்குப் பட்டத்தில் நாலைந்து சுற்றுத் தண்ணீர் வரும் என்பதால் சுற்றுக்கு ஒரு வரி. காலண்டர் தாள் போதவில்லை. என் பாவாடை மேல் மிச்சத்தை விரித்தோம்.

அப்போதுதான் நடு வாய்க்கால் கழனிகளை நீ மனசுக்குள் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தாய். "உங்க மேட்டுக் கழனி. அப்புறம் எங்க புங்கமரம். அப்புறம் புளியந்தோப்பு." விரல் தாளின் மேல் ஓடியது, திரும்பி வந்தது. மறுபடி ஓடியது.

"எங்க கழனி எங்கடி?"

நான் வாங்கிப் பார்த்தேன். மேட்டுக் கழனிக்கு அடுத்த வரி புளியந்தோப்பு. நடுவில் சிவப்பு மசியில் அடித்த ஒரு வரி. அந்த வரியின் தொடக்கத்தில் உன் நைனாவின் பேர்.

உன் நைனா அதற்கு முந்தைய மார்கழியில் இறந்துபோனார். செத்தவர் பேரைக் கற்பூரத்துக்கு எதிரில் படிக்கக் கூடாது. அதனால் முறை படிப்பதற்கு முன்னால், அந்த வருஷம் இறந்தவர்களின் வரிகளை என் நைனா சிவப்பு மசியால் அடித்துவிடுவார். மகன் இருந்தால் அவன் பேரில் வேறு வரி எழுதுவார்கள். உங்கள் வீட்டில் நீ ஒருத்தி. யாரும் எதுவும் எழுதவில்லை, நல்ல தாளில் எழுதிய நானும் கவனிக்கவில்லை. பேரை அடிக்கும்போது பேரோடு அதே வரியில் இருந்த கழனியும், வாய்க்காலும், முறையும் சேர்ந்து போய்விட்டன. வேறு எங்கேயும் அவை எழுதப்பட்டிருக்கவில்லை. போன வருஷம் ஏரி நிறைந்து கலங்கல் வழிய வழியத் தண்ணீர் இருந்ததால் யாரும் முறையைத் தேடவில்லை. மடை திறந்தவர் எல்லோருக்கும் பாய்ந்தது.

நீ அழுவாய் என்று பயந்தேன். நீ நோட்ஸை எடுத்து எண்ணெய்ப் பிசுக்கான ஒரு பக்கத்தைத் தேடினாய். ஒரு வரியை நீக்கினால் அதோடு சம்பந்தமில்லாத விவரமும் தொலைந்து போகும் கோளாறு என்று அங்கே எழுதியிருந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது. "பாருடி. நம்ம ஊரு கோளாறு மெட்ராஸ் வரிக்கும் போயிகீது" என்றாய். உன் குரல்தான் சரியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாய். நைனா வாசலில் உட்கார்ந்து மம்பட்டிக் காம்பைக் கண்ணாடித் துண்டால் சீவிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மாமா, எங்க கழனி பட்டியல்ல இல்ல."

"உங்க நைனா பேர அடிச்சாச்சும்மா. சாமி எதிர்ல படிக்கக் கூடாதில்ல."

"பேர அடிங்க மாமா. கழனி இன்னா பண்ணுச்சி? அது சாவலயே."

நைனா சிரித்துவிட்டார். "செத்தவன் பேருக்கு எப்டிம்மா தண்ணி உடறது?"

"பேருக்கு உடாதீங்க. கழனிக்கு உடுங்க."

"கழனி வந்து மம்பட்டி புடிச்சிக்கினு நிக்குமா?"

"எங்கம்மா நிக்கும்."

"ராத்திரி முறைக்கா? பொம்பள பேரு முறையில ஏறனதே இல்லம்மா." அவர் சிரிப்பு குறைந்திருந்தது.

"அப்ப எங்க அரைப் பொழுது தண்ணி யாருக்குப் போச்சி மாமா?"

காம்பைச் சீவுகிற கை நின்றது. "மேல பாதி, கீழ பாதி. நானா கேட்டேன்? தானா வந்துது."

மேலே இருப்பது எங்கள் மேட்டுக் கழனி. உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், கதவுக்குப் பின்னால் எனக்கும் தெரியும். போகும்போது நீ என்னைப் பார்த்தாய். "இன்னாடி, கதவுக்கு தாப்பா இல்லன்னு நீ நிக்கறியா?" என்றாய். கோபமாகத்தான் சொன்னாய். ஆனால் மறுநாள் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாய்.

அதற்குப் பிறகு அது உனக்குப் பாடமாக இல்லை. இரண்டாவது படியை ஒரே நாளில் முடித்தாய். கழனியும் சுற்றும் சேர்ந்தால்தான் ஒரு வரி எது என்று தெரியும். அந்த இரண்டையும் சேர்த்து நம்பியிருப்பது எது, ஒன்றை மட்டும் நம்பியிருப்பது எது என்று பிரிக்க வேண்டும். தண்ணீர் வரும் நாளும் நேரமும் இரண்டையும் நம்பியிருந்தன. காணியளவு? "முதல் சுத்துக்கு அரைக் காணி, ரெண்டாம் சுத்துக்கு முக்கா காணியா? கழனி இன்னா சப்பாத்தி மாவா, நீட்டறதுக்கு?" காணியளவும் வாய்க்காலும் கழனியை மட்டும் நம்பியவை. அவற்றைத் தனித் தாளில் எழுதினோம். உங்கள் புங்கமரம் முதல் முறையாக ஆள் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிராமல் வரியின் தொடக்கத்தில் நின்றது.

மூன்றாவது படிக்கு நைனாவே உதவி செய்திருந்தார். நடு மதகுக்கு ஆள் மாறிய வருஷம், புது ஆளின் பேரைச் சில வரிகளில் மாற்றிவிட்டுச் சில வரிகளில் மறந்துவிட்டார். நானும் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். கற்பூரத்துக்கு எதிரில் இரண்டு பேரையும் படித்தாயிற்று. அந்தப் பட்டம் முழுக்க ஒரு மதகுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். "என் பேரு கீது பாரு." "என் பேரும்தான் கீது." ஒருவர் திறப்பார், இன்னொருவர் வந்து அடைப்பார். அதை நீ ரசித்து ரசித்துச் சொல்வாய். "மதகுக்காரரு கழனிய நம்பிக்கினு இல்லடி. கழனி வாய்க்கால நம்புது, வாய்க்கா மதக நம்புது. மதகுதான் அந்த ஆள நம்புது. அவரு பேர ஒரே ஒரு எடத்துல எழுதியிருந்தா இந்தக் கூத்து உண்டா?" மதகுகளுக்கு ஒரு தாள். வாய்க்கால்களுக்கு ஒரு தாள். ஆட்களுக்கு, அவர்கள் தெருவோடு ஒரு தாள். கழனித் தாளில் ஓரமாக, யாருடையது என்று ஒரு கட்டம் மட்டும்.

எல்லாம் முடிந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டின் உள்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தோம். ஆட்கள் தாளில் உன் நைனாவின் வரியை நீ தேடி எடுத்தாய். பென்சிலால் அதன் மேல் மெதுவாக ஒரு கோடு போட்டாய்.

"இப்பப் பாரு. நைனாவ அடிச்சிட்டேன். கழனி கீதா?"

நான் கழனித் தாளைப் பார்த்தேன். "கீது."

"வாய்க்கா?"

"கீது."

"முறை?"

"கீதுடி."

நீ அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாய். "ஒரு வரிய அடிக்கறதுக்கு முன்னால அதுகூட இன்னா இன்னா போவுதுன்னு பாக்கணும்" என்றாய். யாரிடம் சொன்னாய் என்று தெரியவில்லை.

பிறகு உன் வழக்கமான குரலில், "சரி, நாம எந்தத் தாள்ல வர்றோம்?" என்று கேட்டாய். நான் யோசித்துப் பார்த்தேன். ரேஷன் கார்டில் நான் நைனாவின் பேருக்குக் கீழே இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் இன்னாரின் மகள் என்று இருப்பேன். அதற்குப் பிறகு இன்னாரின் மனைவி. "எங்க நைனா வரியிலதான்" என்றேன்.

"எனக்கு அந்த வரியும் போச்சி" என்று சிரித்தாய். "நம்மளயும் தனியா எழுதணும்டி."

கார்த்திகையில் உன் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மோர் மட்டும் குடித்துக்கொண்டு பாயில் படுத்திருந்தாய். நான் வந்தபோது, "எம் மூஞ்சி மஞ்ச பூசன மாதிரி கீதா? உங்க திருமுக்கூடல் மாமனுக்கு என்னக் கட்டி வச்சிடப் போறாங்க, பாத்துக்க" என்றாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது தாமதமாகிவிட்டது என்றார்கள். நீ பஸ்ஸில் போனாய், வேனில் வந்தாய்.

வகுப்பில் டீச்சர் உன் பேரின் மேல் சிவப்புக் கோடு போட்டார்கள். பேர் வாசிக்கும்போது உனக்கு அடுத்து என் பேர். உன் வரியைத் தாண்டி என்னிடம் வருவதற்குள் ஒரு மூச்சு அளவு நிறுத்துகிறார்கள். அந்த இடத்தில்தான் நீ இருக்கிறாய். அந்த நிறுத்தமும் வருஷக் கடைசியில் புது நோட்டு போடும்போது போய்விடும்.

பொங்கல் கழிந்ததும் நைனாவிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். ஏரியில் இந்த வருஷம் பாதித் தண்ணீர்கூட இல்லை, முறை இல்லாதவர்களுக்குச் சொட்டுக்கூட வராது. அத்தை என்று நான் கூப்பிடும் உன் அம்மாவின் நாற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, கட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது அறைந்துவிட்டார். உன் நோட்ஸ், காலண்டர் தாள்கள், எல்லாம் வெந்நீர் அடுப்புக்குள் போயின. "இன்னொரு தபா கட்டம் கிட்டம்னு பேசன, பள்ளிக்கோடத்த நிறுத்திடுவேன்" என்றார். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பஸ் ஏறுவதும் இறங்குவதும் நைனா பார்த்திருக்கத்தான் நடக்கிறது. தெருவில் யாரிடமும் நின்று பேசக் கூடாது.

முந்தாநாள் உன் அம்மா வாய்க்கால் கரையில் என்னைப் பார்த்துவிட்டாள். இளைத்துப் போயிருக்கிறாள். "நாத்து ரெடியா கீதும்மா. பக்கத்து கெணத்துத் தண்ணியக் கெஞ்சிக் கெஞ்சி வுட்டு வளத்துட்டேன். முறைல இந்த வருசம் எழுதிடுவாரில்ல உங்க நைனா?" என்று கேட்டாள். போன வருஷம் அடித்ததே அவளுக்குத் தெரியாது. நீ அவளிடம் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறாய். நைனா தூரத்தில் வருவது தெரிந்தது. நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நடந்துவிட்டேன்.

இன்று சாப்பிடும்போது நைனாவிடம் கேட்டேன். "நீட்டு நீட்டு வரியாப் படிக்கச் சொல்ல உனக்கு மூச்சு வாங்குதே நைனா. குட்டி குட்டியாப் பிரிச்சி எழுதட்டா?" அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே, "எழுது. எழுத்து பெருசா இருக்கட்டும்" என்றார்.

எழுதிவிட்டேன். எரிந்தது தாள்தான். ஒவ்வொரு வரியையும் நீ என்னைச் சொல்ல வைத்தது எரியவில்லை. முதலில் மதகும் வாய்க்காலும். அடுத்தது கழனிகள். அதற்கு அடுத்தது முறை. ஆட்கள் கடைசியில். கழனித் தாளில் மேட்டுக் கழனிக்கும் புளியந்தோப்புக்கும் நடுவில் புங்கமரத்துக் கழனி, அரைக் காணி, நடு வாய்க்கால். யாருடையது என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் அம்மாவின் பேரை எழுதியிருந்தால் அதைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். காலிக் கட்டத்தைப் படிக்க முடியாது, அடிக்கவும் முடியாது. முறைத் தாளில் உங்கள் அரைப் பொழுது மறுபடி வந்திருக்கிறது. எங்கள் முக்கால் பொழுது அரையாகிவிட்டது. அதை அவர் வாயாலேயே படிக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் எல்லாம் தீர்ந்தது. கை வியர்த்து மசி கலைகிறது. அவர் புரண்டு படுக்கிறார். நிறுத்துகிறேன்.

மறுநாள் ராத்திரி. இன்று பல்பு இல்லை. சமையலறையில் சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவர் புரட்டிப் பார்க்கவில்லை. எழுத்தின் பெரிசை மட்டும் பார்த்துத் தலையாட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பெண்கள் பொங்கல் பானையோடு பின்னால் நிற்பார்கள் இல்லையா, அம்மாவும் போயிருந்தாள். திரும்பி வந்து, அரிசி களைகிற சத்தத்தில் எனக்குச் சொன்னாள்.

"நல்லாத்தான் படிச்சிக்கினு வந்தாரு. மூச்சு வாங்கல. மேட்டுக் கழனி படிச்சாரு. புங்கமரத்துக் கழனி, அரைக் காணி, நடு வாய்க்கான்னாரு. அப்டியே நின்னுட்டாரு. வெரலு தாள்ல கீது, பேச்சு வரல."

"அப்புறம்?"

"கற்பூரம் சுருங்கிக்கினே போவுது. மதகுக்காரு இன்னொரு துண்டப் போட்டுட்டு, 'படிங்கண்ணே, அணையப் போவுது'ன்னாரு. முன்னால யாரோ, 'யாருதுப்பா அது?'ன்னாங்க. பின்னாலேந்து உங்க அத்தை சொன்னா, 'எங்களுது'ன்னு. கற்பூரம் எரியச் சொல்ல பொம்பள பேசி நான் பாத்ததில்ல. ஒருத்தரும் வாயத் தொறக்கல. உங்க நைனா நிமிந்து பாத்தாரு. கற்பூரத்தப் பாத்தாரு. அடுத்த வரிக்குப் போயிட்டாரு."

முறைத் தாளும் படித்தாயிற்று. உங்களுடைய அரைப் பொழுது முதல் நாள் ராத்திரிக்கு, இன்றைக்கே. எங்கள் கழனிக்கும் அரைப் பொழுது என்று அவர் படித்தபோது குரலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள் அம்மா.

நைனா கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். பாதிச் சாப்பாட்டில், "எழுத்து நல்லா கீது" என்றார். கை கழுவும்போது அம்மாவிடம் சொன்னார். "பள்ளிக்கோடம் போதும். திருமுக்கூடலுக்கு ஆள் அனுப்பி உன் தம்பிய வரச் சொல்லு." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் புத்தகப் பையை எடுத்துப் பரணில் போட்டார். பேனாவைத் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். இதை எழுதுவது உன் பென்சிலால். என் ஜியாமெட்ரி பாக்ஸில் விட்டுப் போயிருந்தாயே, கடித்துக் கடித்து நுனி நைந்தது.

இந்த வீட்டு வரியிலிருந்து என்னை அடித்து இன்னொரு வீட்டு வரியில் எழுதப்போகிறார்கள். அடிக்கும்போது என்னோடு என்ன என்ன போகும் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நான் பார்த்து வைத்திருக்கிறேன். எதைப் பார்த்தாலும் இது எதை நம்பிக்கொண்டு இருக்கிறது என்று இப்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மா எதை, நைனா எதை, வாசல் கதவின் பூட்டு எதை. நைனாவின் கோபமும் தானாக வந்த அந்தக் கால் பொழுதை நம்பிக்கொண்டுதான் இருந்தது என்று தோன்றுகிறது. இப்படிக் கேட்பதைப் பரணில் போட முடியாது.

நேற்று உனக்கு எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. முறை படித்து முடித்ததும் கற்பூரத்தை அணைய விட்டுவிட்டார்கள். ஆட்கள் தாளை யாரும் படிக்கவில்லை. அதன் கடைசி மூன்று வரிகளில் உன் அம்மாவின் பேரும் உன் பேரும் என் பேரும் இருக்கின்றன. யாருடைய மகள், யாருடைய மனைவி என்ற கட்டத்தை அந்தத் தாளில் நான் போடவே இல்லை. செத்தவர் பேரைப் படிக்கத்தான் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. மதகுக்காரர் அதையும் சேர்த்துத்தான் மடித்துத் தகரப் பெட்டியில் பூட்டினாராம்.

வாய்க்கால் பக்கம் மம்பட்டிச் சத்தம் கேட்கிறது. நின்று நின்று வருகிறது, பழக்கமில்லாத கை. உன் அம்மா மடையை வெட்டுகிறாள். வாசலில் கட்டில் கயிறு முனகுகிறது. நைனாவும் தூங்காமல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். தண்ணீர் திரும்புகிற சத்தம் வந்துவிட்டது. விளக்கை அணைக்க வேண்டும்.

அறுப்பு வரை அந்தப் பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். அதுவரை நீ ஒரு வரியிலும் நான் ஒரு வரியிலும் இருப்போம்.